மரச்சீவலின் ருசி

கரண்டி செய்கிறவர்கள் மரத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், விரலால் தட்டுவார்கள், நகத்தால் கீறுவார்கள். நம்ம ஆள் இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் ஒரு சீவலை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். கடைவாயில் அதக்கி, எச்சில் நன்றாக ஊறும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்து 'எடுத்துக்கலாம்' என்பார், இல்லாவிட்டால் 'வேண்டாம்' என்பார். மூன்றாவது வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. அதனால்தான் அவருக்கு நாக்குக்காரர் என்று பேர் விழுந்தது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துப் பட்டறைக்காரனே திருதிருவென்று முழிப்பான்.

சும்மா சொல்லக் கூடாது, அது லேசுப்பட்ட நாக்கு இல்லை. தேக்கு என்றால் எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் தேக்கு சரி, கொதிக்கிற சட்டிக்குள் விட்டால் அதன் எண்ணெய் வாடை மேலே வந்து நிற்கும் என்பார் இவர். பலா மஞ்சளாகச் சாயம் விடும். மா மரம் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கறுத்துப்போகும். புளிய மரம் வெட்டுப்பலகைக்கு நல்லது, ஆனால் கரண்டிக்குக் குடைந்து எடுப்பதற்குள் கையும் உளியும் ஒருசேரச் செத்துப்போகும். அவருக்குப் பிடித்தது கொய்யா. நெருக்கமான நார், கண்ணுக்குத் தெரியாத துவாரம், தேய்க்கத் தேய்க்க வழவழப்பு, சாப்பாட்டில் தன் பங்குக்கு எதையும் கலந்துவிடாத நல்ல குணம். கேன்டீன் வைத்திருக்கிறவர்கள், கல்யாணச் சமையல்காரர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம் இந்தத் தேர்வுதான். வழவழப்பாக இழைத்துக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

போன வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் ஒன்றும் இல்லை, ஒரு வாரம் போர்த்திக்கொண்டு படுத்தார், எழுந்துவிட்டார். ஆனால் போகிற காய்ச்சல் வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல்காரனுக்கு நாக்கு செத்துப்போவது வழக்கம்தானே, தானாகத் திரும்பிவிடும் என்று விட்டுவிட்டார். திரும்பவில்லை. ஒரு நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வேப்பங்கட்டையில் ஒரு சீவலை எடுத்து மென்று பார்த்தார். காகிதத்தை மெல்வது மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் மென்றார். அதே காகிதம்தான். துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. நாக்கு போன நாக்குக்காரர் என்று தெரு முழுக்கச் சிரிக்குமே என்ற பயம் ஒரு பக்கம். இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்ற நப்பாசை ஒரு பக்கம். கட்டின பெண்டாட்டியிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம் இந்த மனுஷன். முதல் வாரம் சொல்லாமல் விட்டதை மூன்றாவது மாதம் எப்படிச் சொல்வது என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். தட்டில் எது விழுந்தாலும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

தொழில் எப்படியோ ஓடியது. பழகின மரம், பழகின மில், பழகின கை. கொய்யாவை மட்டும் வாங்கினால் வாயில் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே, அதனால் ஒரு சீவலை எடுத்து அதக்கிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். நாடகம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும், வேறு பேர் வைத்து நாம் அவரைக் காப்பாற்ற முடியாது.

இந்த நேரத்தில்தான் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் வேண்டாம், மருந்து ஏற்றிச் சரிசெய்யலாம், மூன்று தவணை ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. நல்ல பொறுமைசாலி, பயமுறுத்திப் பேசத் தெரியாதவர். அவரே ஒரு விஷயத்தை மட்டும் விரலை ஆட்டிச் சொன்னார். இந்த மருந்து உடம்பை உலுக்கி எடுத்துவிடும், அதைத் தாங்குவதற்குச் சாப்பிட்டாக வேண்டும், எடை குறைந்தால் அடுத்த தவணையை ஏற்ற முடியாது. வாய் ருசி மாறும், சிலருக்கு எல்லாம் கசக்கும், அதற்காகச் சாப்பாட்டை விட்டுவிடக் கூடாது. நாக்குக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

முதல் தவணை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வாயெல்லாம் புண். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். எவர்சில்வர் ஸ்பூன் உதட்டில் பட்டதும்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறதாம். கையால் பிசைந்து ஊட்டலாம் என்றால், நோய்த்தொற்று வந்துவிடும், கை படாமல் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நர்ஸிடம் கேட்டதற்கு, நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது, மரக்கரண்டியோ பிளாஸ்டிக்கோ வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துவிடுங்கள் என்றாள். மரக்கரண்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் மனுஷனுக்கு எங்கிருந்துதான் அந்தத் தெம்பு வந்ததோ. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். இப்போது அவர் கைக்கு ஒரு வேலை வந்துவிட்டது.

பட்டறையில் கொய்யாக் கட்டையைப் புரட்டினார். இருந்த நல்லதெல்லாம் ஒரு கேன்டீன்காரர் கேட்ட கரண்டிகளாகப் போயிருந்தது. மிச்சமிருந்த இரண்டு துண்டையும் வண்டு துளைத்து மாவாக்கி வைத்திருந்தது. உடனே மரமில்லுக்குக் கிளம்பினார்.

மில்லில் கொய்யா இல்லை. பழைய தோட்டம் ஒன்றை அழித்த லோடு வந்திருந்தது, அதில் கிடக்கிறதைப் பாருங்கள் என்றார் மில்லுக்காரர். பத்துப் பன்னிரண்டு ஜாதி மரம் கலந்து கிடந்தது. அதற்குள்ளே ஒரு கட்டை. வெண்ணெயில் ஒரு சொட்டு மஞ்சள் விட்ட மாதிரி நிறம். என்ன மரம் என்று கேட்டால் மில்லுக்காரருக்கும் தெரியவில்லை, லோடு இறக்கினவர்களுக்கும் தெரியவில்லை. நாக்குக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். கைக்கு அடக்கமான கனம். நகத்தால் கீறினார், தடம் விழவில்லை. வெட்டுமுகத்தை நனைத்து வெளிச்சத்தில் பிடித்தார், துவாரம் தெரியவில்லை. ஒரு சிராயை உடைத்தார், ஈட்டி ஈட்டியாகப் பிளக்காமல் சுத்தமாக முறிந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்கிற மாதிரியும் செய்தார். வாயெல்லாம் புண்ணாக இருக்கிறவளுக்கு ஒரு கரண்டி வேண்டும் என்று கடவுளே பார்த்து வளர்த்த மரம் போல அவருக்குத் தோன்றியது.

பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. இழைப்புளியால் ஒரு சீவல் எடுத்து வாயில் போட்டார். மில்லுக்காரர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார், லோடுமேன்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள். இவர் கண்ணை மூடினார். எச்சில் ஊறியது. ஒன்றும் தெரியவில்லை. மரத்தில் ருசி இல்லாமலும் இருக்கலாம், இவர் நாக்கில் உயிர் இல்லாததாலும் இருக்கலாம். இந்த வித்தியாசம் அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். அண்ணே, நீங்க ஒரு தடவை வாயில போட்டுப் பாருங்களேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், கதை அங்கேயே முடிந்திருக்கும். தொண்டை வரைக்கும் வந்தது அந்த வார்த்தை. மூன்று ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை வெளியே விட அவருக்கு மனசு வரவில்லை. ஓரமாகப் போய்த் துப்பினார். திரும்பி வந்து, "எடுத்துக்கலாம்" என்றார்.

அந்தக் கரண்டிக்கு அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் நமக்கு வயிறு எரிகிறது. அவள் வாய் அதிகம் திறக்காது என்பதால் குழி சின்னதாக, ஆழம் குறைவாக. புண்ணில் உரசக் கூடாது என்பதால் விளிம்பை உருட்டி உருட்டி எடுத்தார். மருந்தால் அவளுக்கு விரல் நுனி மரத்துப்போயிருந்தது, அதனால் பிடியைக் கொஞ்சம் பருமனாக வைத்தார். உப்புத்தாளை நைஸிலிருந்து நைஸாக மாற்றி மாற்றித் தேய்த்து, தன் உதட்டின் உள்பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் எண்ணெயைச் சூடாக்கி ஊறவைத்து, துணியால் துடைத்து, துணி சுற்றியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். நகைக்கடையிலிருந்து வருகிறவன் தோற்றான்.

வீட்டில் அப்போது கொழுந்தியாள் வந்திருந்தாள், அக்காவைப் பார்த்துக்கொள்ள. வாய் ஓயாது அவளுக்கு, கையும் ஓயாது. கஞ்சியைக் குழைய வைத்துக் கொண்டுவந்தாள். புதுக் கரண்டியால் இவர் ஊட்ட, மனைவி ஒரு வாய் வாங்கினாள். இரண்டாவது வாங்கினாள். கிண்ணம் காலியாகிவிட்டது. கொழுந்தியாள் கையைத் தட்டாத குறை. "மாமா, இந்தக் கரண்டியை எனக்கு மட்டும் கொடுத்துடாதீங்க, இப்பவே இந்தப் பெருத்த உடம்போட நான் கதவுல இடிச்சுக்கிட்டுதான் உள்ளே வரேன்" என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் சிரித்தார்கள்.

அடுத்த வேளை கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்தாள். மறுநாள் பாதி. அதற்கடுத்து நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. கசக்குது என்றாள். முதல் நாள் கசக்கலையே என்றதற்கு, இப்போ கசக்குதே என்றாள், பாவம், வேறு என்ன சொல்வாள். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் கொழுந்தியாள் கரண்டியைக் கொதிக்கவைத்து எடுத்தாள். அவர் ஊறவைத்த எண்ணெய் கொதிக்கக் கொதிக்கக் கழன்றுபோனது, உள்ளே இருந்த மரம் வெளியே வந்தது. இது இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னதுதானே, எல்லாம் கசக்கும் என்று. ஆகவே எல்லாரும் மருந்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சமையலை மாற்றினார்கள். முட்டையை மசித்துக் கொடுத்தார்கள், கசந்தது. சூப்பு வைத்தார்கள், கசந்தது. வாழைப்பழத்தைக் கடைந்து தேன் விட்டுக் கொடுத்தார்கள், அதுவும் கசந்தது. கொழுந்தியாள் ஒவ்வொன்றையும் அடுப்படியில் ருசி பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவாள், ஆனால் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பாள். அக்காவின் கரண்டியை அவள் எச்சில் பண்ணவே மாட்டாள். அவ்வளவு சுத்தம்.

கண்ணாடி டம்ளரில் கொடுக்கிற பால் மட்டும் கசக்கவில்லை. அது ஏன் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பால் என்றால் இறங்குகிறதே என்று சந்தோஷப்பட்டு இரண்டு டம்ளர் கொடுத்தார்கள், வயிற்றைப் புரட்டி வாந்தியாக வந்தது, அதையும் நிறுத்திவிட்டார்கள்.

கொழுந்தியாள் ஒரு தடவை பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். மனைவிதான் வேண்டாம் என்று தடுத்தாள். அவர் கண்விழித்துச் செய்தது, அதைத் தள்ளிவைத்தால் அவர் முகம் சுருங்கிவிடும், கசக்கிற வாய்க்கு எந்தக் கரண்டியாக இருந்தால் என்ன என்றாளாம். இவர் காதில் அது விழுந்தது. விழுந்தும், மனசுக்குள்ளே கொஞ்சம் குளிர்ந்துதான் போனார்.

இரண்டாவது தவணை எப்படியோ ஏறியது. அதன் பிறகு அவள் உருகினாள். கன்னத்து எலும்பு தெரிந்தது, வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. இவர் கட்டிலோரம் உட்கார்ந்து இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சுவார். அவரைப் பார்த்துவிட்டு அவள் வாயைத் திறப்பாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்குவாள். ஒரு நாள் அவள் துப்பிவிட்டாள். இவருக்குப் பயம் தலைக்கேறிவிட்டது, பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும் இந்த மாதிரி ஆட்களுக்கு. "மனசு வெச்சா சாப்பிடலாம். நீதான் மனசு வெக்க மாட்டேங்கிற" என்று கத்திவிட்டார். அவள் அழுதாள். அழுகை அடங்கினதும், கொடுங்க என்று வாயைத் திறந்து அதே கரண்டியால் இன்னும் இரண்டு வாய் வாங்கினாள்.

மூன்றாவது தவணைக்குப் போன அன்று காலையில் எடை பார்த்தார்கள். டாக்டரம்மா மிஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை ஏறி நிற்கச் சொன்னார். பிறகு அவளை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, இவரை உள்ளே கூப்பிட்டார். இந்த உடம்பில் இனி மருந்து ஏற்றினால் மருந்தே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். எடை ஏறட்டும், பார்க்கலாம். கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்குமா என்று இவர் கேட்டார். டாக்டரம்மா பதில் சொல்வதற்குப் பதிலாக, வீட்டில் அவங்களுக்குப் பிடிச்சதைச் செஞ்சு கொடுங்க, என்ன கேட்டாலும் கொடுங்க என்றார். அந்தப் பேச்சின் அர்த்தம் புரியாத அளவுக்கு இவர் முட்டாள் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்தார்கள். சாயங்காலம் ஆகியிருந்தது. கொழுந்தியாளுக்கு அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது, ஆனாலும் டீ போட எழுந்தாள். காலையில் கிளம்புகிற அவசரத்தில் கரண்டியைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, எடுக்க மறந்து, சட்டியை மூடி அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். கொதித்த தண்ணீர்தானே, எதற்குக் கொட்டுவானேன் என்று அதிலேயே டீத்தூளைப் போட்டாள். இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை மாமாவிடம் கொடுத்தாள்.

அவர் அடுப்படி வாசலில் சுவரில் சாய்ந்து நின்றபடியே குடித்தார். முழு கிளாஸையும் குடித்துவிட்டு, எப்போதும் சொல்கிற மாதிரி, "நல்லா இருக்கும்மா" என்றார்.

கொழுந்தியாள் அப்போதுதான் தன் கிளாஸில் வாயை வைத்தாள். வைத்த வேகத்தில் தொட்டியில் துப்பினாள். தண்ணீரை அள்ளி அள்ளி வாயைக் கொப்பளித்தாள். டீத்தூளை எடுத்து முகர்ந்தாள், சர்க்கரையை நக்கினாள், பாலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி அவருடைய காலி கிளாஸைப் பார்த்தாள்.

"மாமா, இதை எப்படிக் குடிச்சீங்க?"

அவர் கிளாஸைப் பார்த்தார். என்ன தப்பாகச் சொன்னோம் என்று அவருக்குப் புரியவில்லை.

"விஷமா கசக்குது மாமா. உங்களுக்குத் தெரியலையா?"

கொழுந்தியாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி பேசியே பழகின முகம் அது, அதில் இப்போது கேலி இல்லை. அவள் கண் சட்டிக்குப் போனது, சட்டியிலிருந்து தட்டுக்குப் போனது. கரண்டியை எடுத்தாள். அத்தனை நாளும் எச்சில் படாமல் காத்த கரண்டியை வாய்க்குள் விட்டுச் சப்பினாள். உடம்பு ஒரு உதறு உதறியது. கரண்டியைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, முந்தானையால் நாக்கை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

"ஐயோ, இதையா அக்கா வாயில வெச்சோம்" என்றாள், அவ்வளவு மெதுவாக.

நாக்குக்காரர் தொட்டிக்குள் கையை விட்டு அந்தக் கரண்டியை எடுத்தார். தன் வாயில் வைத்தார். குழியைச் சப்பினார், பிடியைக் கடித்தார், விளிம்பை நாக்கால் தடவினார். வழவழவென்று இருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. தான் செய்த பாவம் என்ன ருசி என்றுகூட அந்த மனுஷனால் தெரிந்துகொள்ள முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காய்ச்சலைப் பற்றி, நாக்கைப் பற்றி, மில்லில் வாயில் போட்ட சீவலைப் பற்றி எல்லாவற்றையும் கொழுந்தியாளிடம் கொட்டினார். அவள் திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. கதவை ஒட்டிச் சாத்திவிட்டு வந்து, அக்காவிடம் சொல்லாதீர்கள் என்றாள். சொல்லி என்ன ஆகப்போகிறது, கடைக்கு ஓடிப்போய் பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கி வருகிறேன், மருந்து விட்டதால் கசப்பு போய்விட்டது என்று அக்கா நினைத்துக்கொள்ளட்டும் என்றாள். நல்ல யோசனைதான். பணப்பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். அவள் திரும்பி வருகிறவரைக்கும் சும்மா இருந்திருக்கலாம் அவர். முடியவில்லை. எழுந்து உள்ளே போனார்.

மனைவி முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கரண்டிதான் கசந்தது என்று சொன்னார். உன் வாய் இல்லை, சாப்பாடு இல்லை, மருந்துகூட இல்லை, நான் எடுத்த மரம். அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அவர் எதிர்பார்த்தது கோபம். இதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை.

"அப்போ என் வாய் கெட்டுப்போகலையா?" என்றாள்.

கெடவில்லை என்றார்.

"நான் நிஜமாவே கசக்குதுன்னுதான் சொன்னேன். மனசு வெக்காம இல்லை."

அவர் அவள் கையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அவள் அழட்டும் என்று விட்டாள். பிறகு, உங்க நாக்குக்குத் தெரியாம எப்படிப் போச்சு என்று கேட்டாள். அதையும் சொல்லிவிட்டார். போன வருஷக் காய்ச்சலிலிருந்து என்றார். அவள் கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். கோபத்தில் உருவின மாதிரி இல்லை, எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி விரலை மடக்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னால, கடைசியா நான் சமைச்சேனே. அன்னைக்கு வலியில உப்பே போடலைங்க. நீங்க சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் நான் வாயில வெச்சேன். மண்ணு மாதிரி இருந்துச்சு. நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, நல்லா இருக்குன்னீங்க."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"என் மனசு நோகக் கூடாதுன்னு சாப்பிட்டீங்கன்னு நினைச்சேன். ஊசி போடும்போதெல்லாம் அதைத்தான் நினைச்சுக்குவேன்" என்றாள்.

உனக்காகத்தான் சாப்பிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் பொய் சொன்ன வாய்க்கு, அந்த ஒரு வேளைக்குப் பொய் வரவில்லை. வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, கொழுந்தியாள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கட்டிலில் இருந்த இரண்டு முகத்தையும் பார்த்தாள், விஷயம் வெளியே வந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்தாள்.

கிண்ணத்தில் ஆவி பறந்தது. பக்கத்தில் வெள்ளை நிற பிளாஸ்டிக் ஸ்பூன். மனைவி கிண்ணத்தையும் அவரையும் பார்த்தாள். பிறகு, "சரி, கொடுங்க" என்றாள். கோபம் தீர்ந்துவிட்டதா, அவர் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாளா, அவருக்குத் தெரியவில்லை. தலையணையை முட்டுக் கொடுத்து அவளைச் சாய்த்து உட்காரவைத்தார். ஒரு ஸ்பூன் எடுத்து, ஊதி ஆறவைத்து, வாயருகே கொண்டுபோனார்.

அவள் வாங்கிக்கொண்டாள். உடனே விழுங்கவில்லை, வாயிலேயே வைத்திருந்தாள். கண்ணை மூடவும் இல்லை.

"கசக்கலைங்க" என்றாள். "அரிசி வாசம்கூடத் தெரியுது."

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். இவர் அவசரமாக இரண்டாவது ஸ்பூனை எடுத்தார். அதையும் வாங்கினாள், மெதுவாக விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எடை, மூன்றாவது தவணை, டாக்டரம்மா எல்லாம் அவர் தலைக்குள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டால், பத்து நாள் இப்படிச் சாப்பிட்டால். மூன்றாவது ஸ்பூனை உதட்டில் வைத்தார். உதடு திறக்கவில்லை.

"இன்னும் ஒரு வாய்" என்றார்.

அவள் முயற்சி செய்தாள். வாயைத் திறந்து, மூடி, தலையை ஆட்டினாள். ஸ்பூனைத் தன் விரலால் மெல்லத் தள்ளிவைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கே ஆசையா இருக்கு. ஆனா பசிக்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் தூங்கிப்போனாள், கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டியது.